உளூ கூடும், கடமை முடிந்ததா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அன்றாடம் நாம் புழங்கும் பொருள்களில் கிருமிகள் இருக்கின்றனவா, பூச்சிகள் ஒளிந்திருக்கின்றனவா என்ற கேள்வி இப்பொழுது வீட்டுக்கு வீடு எழுகிறது. தலையணையில் பூச்சி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் கிருமி, குடிநீர்க் குடத்தில் புழு என்று கைபேசியில் வரும் காணொளிகளைப் பார்த்து அஞ்சிய தாய்மார்கள் நம்மிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஸரத், இதனால் தொழுகை கூடாமல் போய்விடுமா?" "கூடும் மா, கவலைப்படாதீர்கள்" என்று நாமும் சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த ஒரு சொல்லோடு ஆலிம்களின் கடமை முடிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். முடியவில்லை என்பதை ஒரு சிறுவன் நமக்குக் கற்பித்தான். ஆகவே இக்கட்டுரையைப் பிறரைக் குறை கூறித் தொடங்காமல், நம் குற்றத்தைச் சொல்லித் தொடங்குகிறோம்.

ஒரு சிறுவனின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழைக் காலம். நாம் ஓதிக் கொடுக்கும் மதரஸாவில் குழாய் நீர் ஒழுங்காக வராததால், பிள்ளைகள் உளூச் செய்வதற்கு நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் நீர் பிடித்து வைத்திருந்தோம். ஒரு நாள் காலை, பத்து வயது மாணவன் ஒருவன் ஓடி வந்து, "ஹஸரத், டிரம்முக்குள்ளே புழு நெளியுது" என்றான். நாம் கிதாபிலிருந்து தலையை உயர்த்தவும் இல்லை. "ஓடும் இரத்தம் இல்லாத உயிர் அது. நீர் நஜீஸ் ஆகாது. உளூ கூடும், போய்ச் செய்" என்றோம். அவனும் போய்ச் செய்தான்.

நாம் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. பிழை சட்டத்தோடு நின்றுவிட்டதில் இருந்தது.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, நம் பிள்ளைகளில் இருவருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அவர்களில் ஒருவன் அதே சிறுவன். இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, ஆறு நாள்கள் மருத்துவமனையில் கிடந்தான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். அந்த டிரம்மில் பிறந்த கொசுதான் அவனைக் கடித்தது என்று எவராலும் நிரூபிக்க இயலாது. ஆனால், அவன் புழுவைக் காட்டினான், நாம் மஸ்அலாவைக் காட்டினோம் என்பதை மட்டும் எவராலும் மறுக்க இயலாது.

செய்தி அறிந்து நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளரான ஓர் அம்மையார் வந்தார். கையில் ஒரு சிறு டார்ச் விளக்கு. டிரம்மைக் கவிழ்த்தார். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தச் சொல்லி, அதன் பின்புறம் அடியில் நீர் சேரும் தட்டை இழுத்துக் காட்டினார். கொல்லையில் யாரும் ஆட்டாத ஆட்டுக்கல்லின் குழியைக் காட்டினார். மூன்றிலும் புழுக்கள். பத்து ஆண்டுகளாக நாம் 'கிதாபுத் தஹாரத்' என்னும் தூய்மைப் பாடத்தை நடத்தி வந்த இடம் அது.

வேலை முடிந்ததும் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சமையல் செய்யும் பெண் ஜன்னல் திண்டில் தனியே கிடந்த பழைய எவர்சில்வர் தம்ளரை எடுத்து நீர் வார்த்தார். "சாக்கடையெல்லாம் தொடுறவங்க, கிருமி இருக்குமில்ல" என்று நம்மிடம் மெல்லச் சொன்னார். அம்மையார் அதைக் கேட்டாரோ இல்லையோ, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துச் சென்றார். நாம் வாய் திறக்கவில்லை.

கிருமி எங்கே இருக்கிறது என்பதில் நம் சமுதாயம் கொண்டிருக்கும் குழப்பம் முழுவதும் அந்த ஒரு காலைப் பொழுதில் அடங்கியிருந்தது. புழு நெளியும் நீரை 'கூடும்' என்றோம். அந்தப் புழுவைக் கண்டுபிடித்துக் கொட்டிய மனிதரைக் 'கிருமி' என்றோம்.

நஜீஸ் வேறு, கிருமி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மார்க்கச் சட்டம் பேசும் நஜீஸும், மருத்துவம் பேசும் கிருமியும் ஒன்றல்ல. கைக்குழந்தை சிறுநீர் கழித்த துணி கடும் வெயிலில் காய்ந்துவிட்டால் அதிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவை மடிந்திருக்கலாம். ஆயினும் கழுவாத வரை அது நஜீஸே. மறுபுறம், ஓடும் இரத்தம் இல்லாத சிற்றுயிர்கள் விழுந்த நீர், அதனால் மாறுபடாத வரை, உளூவுக்குரிய தகுதியை இழப்பதில்லை என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களிலும் நாம் ஓதியது. அந்த நீர் உளூவுக்கு ஆகும், ஊருக்கு ஆகாது.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் இரு பெருந்தவறுகள் விளைகின்றன. ஒரு சாரார், 'நஜீஸ் இல்லை' என்றால் தீங்கும் இல்லை என்று அசட்டையாக இருக்கின்றனர். மற்றொரு சாரார், கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் நஜீஸ் என்றெண்ணி, கைகால்களைப் புண்ணாகும் வரை கழுவிக்கொண்டு வஸ்வாஸில் வீழ்கின்றனர். ஃபிக்ஹு நூல் 'தொழுகை கூடுமா?' என்ற கேள்விக்கு விடை தருகிறது. 'பிள்ளைக்கு நோய் வருமா?' என்பது வேறு கேள்வி. அதற்கு விடை மருத்துவரிடமும் நகராட்சிப் பணியாளரிடமும் இருக்கிறது. அந்த விடையைக் கேட்டு நடப்பதும் மார்க்கக் கடமையே; ஏனெனில் தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த அடிப்படை. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதையும் அவர்கள் தடுத்தபோது, தொழுகையாளியின் உடையை மட்டும் எண்ணித் தடுக்கவில்லை. பின்னால் வருபவனின் நலத்தையும் எண்ணியே தடுத்தார்கள்.

இங்கே சிலர், 'தொற்று என்பது இல்லை' என்னும் ஹதீஸைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆனால் நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களோடு சேர்க்காதீர்கள் என்பதும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள் என்பதும் அதே நபியின் கட்டளைகள்தாமே! அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்ற அறியாமைக் கால நம்பிக்கையைத்தான் அந்த ஹதீஸ் மறுக்கிறது என்று இமாம்கள் விளக்கியுள்ளனர். உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியது அறிந்து, படையோடு திரும்பினார்கள். அவர்களைவிடத் தவக்குல் மிகுந்தவர்களா நாம்?

'1400 ஆண்டுகளுக்கு முன்பே...' என்னும் பெருமை

அடுத்து, மேடைகளிலும் கைபேசிக் குழுக்களிலும் அன்றாடம் கேட்கும் ஒரு பெருமை. 'கிருமியைப் பற்றி விஞ்ஞானம் இன்று கண்டதை இஸ்லாம் 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது!' உடனே தக்பீர் முழக்கம்.

நேர்மையாகப் பேசுவோம். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விட வேண்டாம் என்றும், இரவில் பாத்திரங்களை மூடி, தோல்பைகளின் வாயைக் கட்டிவையுங்கள் என்றும், பருகும்போது பாத்திரத்துக்குள் மூச்சு விடாதீர்கள் என்றும், படுக்கும் முன் விரிப்பை உதறுங்கள், நீங்கள் எழுந்து சென்ற பின் அதில் என்ன வந்து தங்கியது என்பதை அறியமாட்டீர்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இவை பொன்னான ஒழுக்கங்கள். ஆனால் நுண்ணுயிரின் பெயரையோ வடிவையோ அவர்கள் கற்பிக்கவில்லை. அதற்காக அனுப்பப்படவும் இல்லை. நுண்ணுயிர்களைத் தாம் செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டு, 1676ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லேவன்ஹூக். அவர் முஸ்லிம் அல்லர். இதைச் சொல்வதால் நம் ஈமானுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நமக்குப் பெருமை வேண்டுமானால், அதற்கும் உரியவர் இருக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் அந்தலுஸின் கிரனாடாவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் கதீப், கொள்ளைநோய் பரவிய காலத்தில் கண்ணால் பார்த்ததை எழுதினார். நோயாளியின் உடை வழியாகவும், பாத்திரம் வழியாகவும், காதணி வழியாகவும்கூட நோய் பரவுகிறது என்றார். நோயாளியோடு பழகியவர்கள் மடிவதையும், விலகியிருந்தவர்கள் தப்புவதையும் அனுபவம் உறுதிப்படுத்துகிறது என்றார். வீட்டுப் பொருள்களில் நோய் தங்குமா என்ற நம் கேள்விக்கு, உருப்பெருக்கி பிறப்பதற்கு முன்பே உற்று நோக்கி விடை தேடிய முஸ்லிம் அவர். அவர் உற்று நோக்கினார், நாம் முழக்கமிடுகிறோம். அவரைப் போலக் கண் திறந்து பார்க்கத் தெரியாதவர்கள் அவரைச் சொல்லிப் பெருமை கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது?

'நாங்கள் நாளைக்கு ஐந்து முறை உளூச் செய்கிறோம். எங்களிடம் கிருமி வராது' என்பாரும் உளர். உளூ ஒரு வணக்கம். அது கைகளை நன்கு அலசவும் செய்கிறது. ஆனால் கோழி அறுத்த கையோடு சோப்பின்றிச் செய்த உளூ, சோப்புப் போட்டுக் கழுவியதற்கு ஈடாகாது. உளூச் செய்த பின், பத்துப் பேர் முகம் துடைத்து நாள் முழுவதும் ஈரமாகவே தொங்கும் பொதுத் துண்டில் கையைத் துடைத்தால், கழுவியதில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது. குற்றம் உளூவிலா, துண்டிலா?

உண்மையில் எங்கே இருக்கின்றன?

வீட்டுப் பொருள்களில் கிருமிகளும் பூச்சிகளும் இருக்கின்றனவா? ஆம், இருக்கின்றன. நம் உடலிலேயே, நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ இணையான அளவில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. பல நமக்கு நன்மையே செய்கின்றன. ஆகவே இருக்கின்றனவா என்பதைவிட, தீங்கு செய்பவை எங்கே பெருகுகின்றன என்பதே கேட்கத் தக்க கேள்வி. அதற்கான விடை எளிது: ஈரம் காயாத இடத்திலும், நம் கை அடிக்கடி படும் இடத்திலும், பச்சை இறைச்சி தொட்ட இடத்திலும், விருந்தாளியின் கண் படாத இடத்திலும்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் வீடுகளில் பயன்படுத்திய 14 பஞ்சுகளை ஆராய்ந்து, 362 வகை நுண்ணுயிர்களைக் கண்டனர். பஞ்சின் சில பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி என்ற அளவுக்கு அவை செறிந்திருந்தன. கொதிநீராலும் வேறு வழிகளாலும் தூய்மைப்படுத்தி வந்ததாகச் சொல்லப்பட்ட பஞ்சுகளும் மேலாக இருக்கவில்லை. வாரம் ஒரு முறை மாற்றுங்கள் என்பதே அவர்கள் தந்த அறிவுரை. நம் பாட்டிமார் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்த்து, நாரை எறிந்துவிடுவார்கள். நாமோ ஒரு பஞ்சை அது நைந்து உதிரும் வரை, தொட்டியின் ஓரத்தில் ஈரத்தோடு ஊறவைக்கிறோம்.

ஹஜ்ஜுப் பெருநாளை எண்ணிப் பாருங்கள். குர்பானி இறைச்சியைக் கூறு போட்ட பலகையும் கத்தியும் வெறும் நீரில் அலசப்பட்டு, அடுத்த நொடியில் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கப் போகின்றன. இறைச்சி வேகும், அதிலுள்ள கிருமி மடியும். பச்சையாக உண்ணும் வெள்ளரி வேகாது. நெய்ச்சோறு உண்டு வயிற்றுப்போக்குக் கண்டால், 'கண்ணூறு பட்டுவிட்டது' என்கிறோம். ரமளானில் பள்ளிவாசல் வாயிலில் நோன்புக் கஞ்சிக் கோப்பைகளை நூறு பேர் பருகிய பின் ஒரே வாளி நீரில் முக்கி எடுத்து அடுக்குகிறோமே, அந்த வாளி நீரின் நிறத்தை ஒரு முறையேனும் பார்த்ததுண்டா?

படுக்கைக்கு வருவோம். தலையணையிலும் மெத்தையிலும் நம் தோலிலிருந்து உதிரும் துகள்களைத் தின்று தூசி உண்ணிகள் வாழ்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராத அவை கடிப்பதில்லை. ஆனால் அவற்றின் கழிவு சிலருக்கு மூச்சிரைப்பையும் தும்மலையும் தூண்டும். மூட்டைப்பூச்சி மெத்தையின் தையலிடுக்கில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும். அது நோய் பரப்புவதாக உறுதியாகவில்லை. ஆகவே இவற்றைக் கண்டு அலற வேண்டியதில்லை. உறைகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து, மெத்தையை வெயிலில் போட வேண்டும். விரிப்பை உதறும் சுன்னத்தைக் கொண்டு மேடையில் பெருமை பேசும் நாம், தலையணை உறையைக் கடைசியாக எப்பொழுது மாற்றினோம்?

குர்ஆனை உளூவோடு தொட்டு, உறையிட்டு, உயர்ந்த இடத்தில் வைக்கிறோம், அது சரியே. குர்ஆன் செயலி உள்ள கைபேசியையோ கழிவறைக்குள் எடுத்துச் சென்று, திரும்பி வந்து அதே கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். ஆசாரமும் போயிற்று, ஆரோக்கியமும் போயிற்று.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, வீட்டுக்குள் நிற்கும் தெளிந்த நீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட நம் வீட்டுத் தெளிந்த நீரையே நாடுகிறது. டிரம், தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில், நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் அது முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நீர் பட்டதும் பொரியும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். அது கடிப்பதோ பகலில். அதிலும் காலையிலும் மாலை மஃரிபுக்கு முன்னும் மிகுதி. நம் பிள்ளைகள் மதரஸாவில் அமர்ந்து ஓதும் நேரம் எதுவென்று நாம் சொல்ல வேண்டுமா?

99.9 விழுக்காட்டு வியாபாரம்

அசட்டை ஒருபுறம் இருக்க, அச்சம் மறுபுறம் விலை போகிறது. '99.9 விழுக்காடு கிருமிகளை அழிக்கும்' என்று புட்டியின் மேல் அச்சிட்டுவிட்டால், அதற்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட சில கிருமிகள் மீது, குறிப்பிட்ட நேரம் ஊறவைத்துச் சோதித்ததைக் குறிக்கும். நம் அடுப்பங்கரையில் தெளித்த நொடியே துடைத்தெடுப்பதற்கு அது பொருந்தாது. அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை, கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்க்கப்பட்டு வந்த டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களுக்கு 2016ஆம் ஆண்டு தடை விதித்தது. சாதாரணச் சோப்பையும் நீரையும்விட அவை மேலானவை என்று உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம். இன்னும் மிகுதியாகக் கொல்ல வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கும் சகோதரிகள் உண்டு. அதிலிருந்து எழும் குளோரின் வாயு கிருமிக்கு முன் மனிதரை மூச்சடைக்கச் செய்யும். ஒருபோதும் கலக்காதீர்கள்.

சாதாரணச் சோப்பு, ஓடும் நீர், இருபது நொடி நேரம், காய்ந்த துண்டு. இதற்கு மேல் பெரும்பாலான வீடுகளுக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் இதை விற்று எவரும் செல்வந்தராக முடியாது. ஆகையால் இதற்கு விளம்பரம் இல்லை.

மனிதரில் கிருமியைத் தேடுவோர்

இனி, நம் நெஞ்சை உறுத்தும் அந்தத் தம்ளருக்கு வருவோம்.

2020 மார்ச் மாதத்தை எந்த முஸ்லிமும் மறந்திருக்க முடியாது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களிடையே கொரோனா கண்டறியப்பட்டதும், அந்த நோய்க்கே நம் சமுதாயத்தின் பெயர் சூட்டப்பட்டது. வட மாநிலங்களில் காய்கறி விற்கச் சென்ற முஸ்லிம் வியாபாரிகளைத் தெருவுக்குள் விடாமல் தடுத்த செய்திகள் வந்தன. தொப்பியையும் தாடியையும் கண்டு மக்கள் விலகி நடந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக் கூடும் என்று கருத்துரைத்தது. தீர்ப்பு வந்தது. ஆனால் ஒரு மனிதனைக் கிருமியாகப் பார்க்கும் பார்வை எவ்வளவு சுடும் என்பதை அதற்குள் நாம் தோலில் உணர்ந்துவிட்டோம்.

உணர்ந்த பின்னும் நம் வீட்டு ஜன்னல் திண்டில் அந்தத் தம்ளர் ஏன் இருக்கிறது?

நம் பாத்திரங்களைத் தேய்த்து வைக்கும் பெண்ணின் கையில் கிருமி இல்லை. அவர் குடிக்கும் தம்ளரில் மட்டும் கிருமி வந்துவிடுமா? அவர் கழுவிய தட்டில் நாம் உண்ணலாம். நம் தட்டில் அவர் உண்ணக் கூடாதா? இது கிருமியைப் பற்றிய அச்சமன்று. இந்த மண்ணில் நெடுங்காலம் ஊறிய தீண்டாமை, விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு நம் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. எந்த நோயை விட்டு விலகி நம் முன்னோரில் பலர் கலிமாச் சொன்னார்களோ, அந்த நோயை நாம் வாசலில் வரவேற்று உட்கார வைத்திருக்கிறோம்.

'இணைவைப்பாளர்கள் அசுத்தமானவர்கள் என்று குர்ஆனில் வருகிறதே' என்று எவரேனும் வாதாடினால், அவருக்கு நம் விடை இது: அது கொள்கையைப் பற்றியது, உடலைப் பற்றியதன்று என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் விளக்கம். பயணமொன்றில் நீரின்றித் தவித்தபோது, இணைவைக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் கொண்டுசென்ற தோல்பைகளின் நீரை நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பயன்படுத்திய செய்தியை இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸகீஃப் குலத்தூதர்கள் இஸ்லாத்தை ஏற்கும் முன்பே மஸ்ஜிதுந் நபவீயில் தங்கவைக்கப்பட்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாய்க் காலத்தில் பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் நபி (ஸல்) அவர்கள் வாய் வைத்துப் பருகினார்கள். வீட்டுக்குள் சுற்றித் திரியும் பூனை வாய் வைத்த நீரையே நஜீஸ் இல்லை என்று சொன்ன மார்க்கம் இது. பூனைக்குக் கொடுத்த மதிப்பை மனிதருக்குக் கொடுக்க மறுக்கிறோமா?

நோயுற்றவருக்குத் தனிப் பாத்திரம் வைப்பதை நாம் தடுக்கவில்லை; அது வீட்டு எஜமானருக்குச் சளிக் காய்ச்சல் வந்தாலும் பொருந்தும், நோய் தீரும் வரை மட்டும் பொருந்தும். ஏழைமைக்கும் தொழிலுக்கும் சாதிக்கும் ஆயுள் முழுவதும் வைக்கும் தனித் தம்ளரைத்தான் தடுக்கிறோம். மக்தபுக்கு வரும் ஏழைச் சிறுமியின் தலையில் பேன் இருக்கும் என்று அவளைத் தனியே உட்கார வைக்கச் சொல்லும் தாய்மார்களுக்கும் இதையே சொல்கிறோம். பேன் பங்களா வீட்டுப் பிள்ளையின் தலையிலும் ஏறும். அது தலையோடு தலை ஒட்டுவதால் பரவுகிறது. தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாள்களில் மடிகிறது. வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் பேன் சீப்புப் போடுவதே மருந்து. ஒருத்தியை ஒதுக்குவது மருந்தன்று.

ஜும்ஆ நாளில் ஒரு மணி நேரம்

குறை கூறியதோடு நிறுத்த விரும்பவில்லை. ஏழு நாள்களுக்கு ஒரு முறை தலையையும் உடலையும் கழுவிக் குளிப்பது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் உள்ள கடமை என்று நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறந்து செல்லவும் ஏறத்தாழ அந்த ஏழு நாள்களே போதும். இதை அற்புதம் என்று முழங்கப் போவதில்லை. வசதி என்று மட்டும் சொல்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் உடலைக் கழுவும் நாம், அதே காலையில் டிரம்மையும் தொட்டியையும் காலி செய்து சுவரைத் தேய்க்கலாம். குளிர்சாதனப் பெட்டித் தட்டைக் கொட்டலாம். பஞ்சை மாற்றலாம். தலையணை உறைகளைத் துவைக்கலாம். பள்ளிவாசல் ஹவ்ளில் கொசுப் புழுவைத் தின்னும் மீன்களை விடலாம். இது பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். தம் செருப்பைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளில் கைகொடுத்த நபியின் உம்மத் நாம்.

நம் மதரஸாவில் இப்பொழுது வியாழன் மாலையிலேயே நீல டிரம் கவிழ்க்கப்படுகிறது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு, அன்று புழுவைக் கண்ட அந்த மாணவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் வளர்ந்து ஊரை விட்டுப் போன பின்னும் அவ்வழக்கம் தொடர்கிறது. ஜன்னல் திண்டிலிருந்த தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிட்டோம். இப்பொழுது அது எது என்று நமக்கே அடையாளம் தெரியாது. அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணினோம். அடுத்த மழைக்காலத்தில் வேறொருவர்தான் வந்தார். ஆகவே அந்தக் கடன் இன்னும் நம் கழுத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு ஜன்னல் திண்டிலும் ஒரு தம்ளர் இருந்தால், அதற்குரியவர் நாளையும் வருவார். கடனை அடைக்க உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக! நம் பிள்ளைகளை நோய்களிலிருந்தும், நம் நாவுகளை மனிதரை இழிவுபடுத்துவதிலிருந்தும் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.